வயற்சேறும் ஆலைக் கழிவும்

1958ஆம் ஆண்டில் கேரளம் பூச்சிமருந்தின் இரு முகங்களையும் கண்டது. ஆலுவாவை அடுத்து, பெரியாற்றங்கரையில் உள்ள உத்யோகமண்டலில், அரசுத் துறை நிறுவனமான இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் டி.டி.டி. உற்பத்தியைத் தொடங்கியது, மலேரியா ஒழிப்புக்கு அது இன்றியமையாததாக இருந்தது. அதே ஆண்டில், கப்பலில் வந்த கோதுமை மூட்டைகளில் பாராத்தியான் என்னும் மருந்து கசிந்து கலந்தமையால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்திற்கு இத்துயரமே வழிகோலியது.

வயலில் தெளித்த மருந்து பின்னர் என்ன ஆகிறது? இவ்வினாவுக்கு மண்ணில் விடை தேடிய இந்திய நுண்ணுயிரியலாளர்களுள் என். சேதுநாதன் குறிப்பிடத்தக்கவர். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது ஒரு விந்தை அவர் கருத்தை ஈர்த்தது. நெற்பயிரைத் தாக்கும் புகையானை ஒழிக்க டயாசினான் இடப்பட்டது. முதலில் நல்ல பலன் கிடைத்தது. மீண்டும் மீண்டும் இட்ட வயல்களிலோ மருந்து வேலை செய்யவில்லை. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்று எவரும் எண்ணுவது இயல்பே. ஆனால் மருந்துக்குப் பழகியவை வயல்நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்கள்! அவை டயாசினானை விரைந்து சிதைத்துவிட்டன. அத்தகைய பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, அது பாராத்தியானையும் சிதைக்க வல்லது என்று சேதுநாதனும் யோஷிதாவும் 1973இல் அறிவித்தனர். உழவருக்கு இழப்பாக வந்த உயிர், கழிவை நீக்குவோருக்குக் கருவியாயிற்று. அதன் நொதியைப் போர்க்கால நரம்பு நச்சுகளுக்கு எதிராகவும் விஞ்ஞானிகள் பின்னாளில் ஆராய்ந்தனர்.

கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி விரிவடைந்தது. நீர் தேங்கிய வயலில் சில நாட்களுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அங்கு நிகழும் வேதியியல் புன்செய் மண்ணின் வேதியியலன்று. கேரளக் கடலோரத்துப் பொக்காளி மண்ணும் அக்குழு ஆராய்ந்த மண்களுள் ஒன்று. மழைக்காலத்தில் நெல்லும், அது முடிந்தபின் இறாலும் விளையும் உவர்நிலம் அது. இத்தகைய அமில சல்பேட் மண்ணில் நீர் தேங்கும்போது நுண்ணுயிர்கள் எழுப்பும் ஹைட்ரஜன் சல்பைடு, பாராத்தியானின் சிதைவில் பங்கு கொள்கிறது என்று வாஹிதும் சேதுநாதனும் 1979இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். முன்னரே பிராணவாயு நீங்கிய மண்ணில் பாராத்தியான் சில நொடிகளிலேயே மாறுவதை அடுத்த ஆண்டில் காட்டினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மாறுவது வேறு, மறைவது வேறு. டி.டி.டி.யும் சேற்றில் மாறுகிறது. ஆனால் குளோரின் அணு ஒன்றை இழந்து டி.டி.டி. என்பது டி.டி.டி.யின் உறவுப்பொருளான ‘டைகுளோரோ’ வடிவமாகி, அவ்வடிவிலேயே நெடுங்காலம் தங்கிவிடுகிறது. மூலப்பொருளை மட்டும் அளந்துவிட்டு மண் தூய்மையாயிற்று என்று சான்று வழங்குவது ஏமாற்று வித்தையாகிவிடும்.

பி.எச்.சி. பொடியின் கதை இன்னும் கடினமானது. அதில் பூச்சியைக் கொல்லும் ‘காமா’ வகை சிறு பகுதியே. அதனை மட்டும் பிரித்து லிண்டேனாக விற்றால், எஞ்சியவை மலைபோல் கழிவாகக் குவிகின்றன. அவற்றுள் ‘பீட்டா’ வகை எளிதில் அழியாதது. பிராணவாயு உள்ள சூழலில் அதனையும் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைக் கரும்பின் வேர்மண்ணிலிருந்து எடுத்ததாக சேதுநாதன் குழுவினர் 1990இல் அறிவித்தனர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லால் குழுவினர் அதன் மரபணுக்களை ஆராய்ந்தனர். 2005இல் அது ‘ஸ்பிங்கோபியம் இண்டிகம்’ என்று இந்தியாவின் பெயரைப் பெற்றது. மாசடைந்த மண்ணில் அதனை இட்டுக் களச்சோதனையும் நடத்தினர்.

இந்தியாவில் பி.எச்.சி.க்கு 1997இல் தடை வந்தது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடுத்தது. ஆயினும் பழைய எச்சம் தடையாணையைக் கேட்டு வெளியேறுவதில்லை. ஆலுவாவுக்கு அருகே ஏலூரில் பெரியாற்றோடு கலக்கும் குழிக்கண்டம் தோட்டின் வண்டலில் டி.டி.டி. எச்சங்கள் 1999இல் கண்டறியப்பட்டன. சோதனைக் குடுவையில் ஒரு மண், ஒரு நஞ்சு. தொழிற்பேட்டை ஓடையிலோ பல நஞ்சுகளுடன் உலோகங்களும் கலந்து கிடக்கக்கூடும். நஞ்சைத் தின்னும் பாக்டீரியாவையே உலோகம் கொன்றுவிடலாம். ஆகவே, கழிவு வரும் வாயை முதலில் அடைக்க வேண்டும். பின்னர் வண்டலில் மூலப்பொருளோடு அதன் சிதைவுப் பொருள்களையும் பருவந்தோறும் அளக்க வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதிப் பொக்காளி வயல்களுக்குள் வேலியேற்றத்தோடு நீர் புகுவதால், அவ்வயல்களின் சேறும் இந்த அளவீட்டில் சேர்க்கப்பட வேண்டும்.