பெரிய பள்ளியை எடைபோடுவது எப்படி?



பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்ததும் நம் தோட்ட வீடுகளில் எழும் கேள்வி: எந்த இடைநிலைப்பள்ளி நல்ல பள்ளி? கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் 1893இல் நிறுவப்பட்டது. கிள்ளான் ஹைஸ்கூல் 1928இல் தோன்றியது. இவற்றின் பழம்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெயர் மட்டுமே பிள்ளையைக் கரைசேர்த்துவிடாது.

தேர்ச்சி விழுக்காட்டையும் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஒரு பள்ளியில் முதல் படிவத்தில் 200 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். இடையில் 50 பேர் நின்றுவிட்டார்கள். எஞ்சிய 150 பேர் எஸ்.பி.எம். எழுதி, 120 பேர் தேறினார்கள். எழுதியவர்களில் தேறியோர் 80 விழுக்காடு. சேர்ந்தவர்களில் 60 விழுக்காடுதான்! நின்றுபோன பிள்ளை அந்த 80இல் கணக்கில் இல்லை. அது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

ஆகவே பள்ளிக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்போம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தை முடிக்கிறார்கள்? பிள்ளை ஒரு வாரம் வராவிட்டால் விசாரிப்பவர் யார்? தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மலாய் மொழியில் பின்தங்கினால் கைகொடுப்பவர் யார்? மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை என்பதை நினைவில் கொள்வோம்.

கடைசி வரிசைப் பிள்ளையையும் கைவிடாத பள்ளியே நல்ல பள்ளி.