பாலம் யார் கணக்கில்?

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியின் குறுக்கே அடுத்தடுத்து நீர் நிற்கிறது: கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல். மகாவலி பல கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேரும் பகுதி இது. இந்தத் துறைகளில் நெடுங்காலம் 'பாதை' ஓடியது. கிழக்கிலங்கையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். வீதி அறுந்த இடத்தில் வீதியின் வேலையைச் செய்வதற்கு அது பொருத்தமான பெயரே.

பாதைகள் நின்றது பாலங்கள் வந்த பிறகு. 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டபோது நாட்டிலேயே மிக நீளமானது. அதற்குக் கடன் தந்தது சவூதி அபிவிருத்தி நிதியம். உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள் பிரான்ஸின் அபிவிருத்தி முகமையின் உதவியோடு 2011இல் திறக்கப்பட்டன. இந்தக் கணக்கு எதிலும் கிண்ணியாவோ மூதூரோ உள்ளூராட்சிச் சபையாகப் பணம் போட்டதில்லை. போடவும் முடியாது.

இலங்கையில் வீதியின் எழுத்தே அதன் எசமானைச் சொல்லிவிடும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. எஞ்சிய ஒழுங்கைகளும் ஊர் வீதிகளும் நகர சபைக்கும் பிரதேச சபைக்கும். சபையின் சொந்த வருமானம் சோலை வரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம். மாகாணத்தின் வழியாக முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் வரும். குப்பை, வடிகால், தெருவிளக்கு என்று அது கரைந்துவிடுகிறது. பெரிய பாலமென்றால் கொழும்பின் திறைசேரியும் வெளிநாட்டுக் கடனுமே வழி.

ஆனால் பாலம் கட்டும் காலத்தில் ஊரார் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்வி மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை நடந்தபோது மறுபடியும் பாதை ஓடியது. அதை நடத்தியது தனியார்; அனுமதி தந்தது நகர சபை. 2021 நவம்பர் 23 காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பாலம் ஒருவர் பொறுப்பு, துறை இன்னொருவர் பொறுப்பு என்ற பிரிவினை அன்றுதான் நாடு முழுவதற்கும் தெரியவந்தது.

மாற்றுக் கடவைக்கான பணத்தைப் பாலத்தின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம். உறுதியான மிதவை, பயிற்சி பெற்ற ஓட்டுநர், உயிர்காப்பு அங்கி, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைக் கண்காணிக்க ஒருவர்: பாலத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இவை சில்லறை. சோலை வரியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அதே சில்லறை ஒரு சிறிய சபைக்குப் பெருந்தொகை.