மிஸ்ஸியம்மாவும் நாங்களும்



1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வை எங்கள் அம்மாமார் பார்த்தார்கள், நாங்கள் பார்த்தோம், இப்போது பேத்திமாரும் பார்க்கிறார்கள். சாவித்திரியின் கோபமும் ஜெமினி கணேசனின் குறும்பும் பழசாகவே இல்லை.

ஆனால், நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு அதில் பிடித்தது காதல் மட்டுமல்ல. குடும்பக் கடனை அடைக்க, இன்னொருவரின் மனைவியாக நடித்தாவது ஆசிரியை வேலைக்குப் போகிறாள் மேரி. காதல் பிறகுதான் வருகிறது.

நாள் முழுதும் கொழுந்து பறித்த அம்மாவின் சம்பளத்தை அப்பா போய் வாங்கிவந்த லயங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். சொந்த உழைப்பில் நிற்கும் பெண்ணைத் திரையில் பார்த்தோம். எங்களில் பலர் டீச்சரானோம்.

இளைய தங்கைமாரே, படத்தைப் பாருங்கள். மேரியின் காதலோடு அவள் வேலையையும் பாருங்கள்.