வீட்டுக் கொட்டகையில் ஒரு வல்லுந்து

(மயிலையில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இடம் விட்டுப் பின்வரிசையில் நெருக்கி அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

தமிழ் கற்பிக்கும் புலவனுக்கும், கரியும் எண்ணெயும் படிந்த உந்துப் பட்டறைக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். உப்பு வணிகராகிய உமணர், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என்று அறியக்கூடாத வழியில், வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போனதை ஒளவையார் அதிலே உவமையாக வைத்தார். சேமவச்சு என்பது அதன் பெயர். பாதையில்லா நிலத்தில் சுமையேற்றிச் செல்லும் வண்டி. அது முறியக்கூடும் என்னும் முன்னறிவு. முறிந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளும் அணியம். இம்மூன்றும் சேர்ந்ததுதான் இன்று நான் பேச வந்த பொருள். உமணருக்கு எருது இழுத்தது. நமக்குக் கன்னெய் இழுக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

உலகம் ‘சீப்’ என்று வழங்கும் ஊர்தியை நாம் வல்லுந்து என்போம். ஒலிபெயர்த்துச் ‘சீப்பு’ என்று எழுதப்போய், தலைவாரும் கருவியில் ஏறி மலைக்குப் போனதாகப் பொருள்படும் இடர் நமக்கு வேண்டா! 1940இல் அமெரிக்கப் படை, நான்கு உருளிகளும் இழுக்கும் சிற்றுந்து ஒன்று வேண்டும், அதன் முதற்படியை 49 நாளில் தரவேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்னும் மிகச் சிறிய நிறுவனம் கார்ல் புரோபுசுட்டு என்னும் பொறிஞரைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பரில் அதைச் செய்து காட்டியது. ஆனால் பெருந்தொகையாகச் செய்யும் ஆணை வில்லிசுக்கும் ஃபோர்டுக்குமே போயிற்று. ஆக்கியவன் ஒருவன், அடைந்தவன் வேறொருவன்; இது நமக்குப் புதிய செய்தியன்று. போர் முடிவதற்குள் ஆறு இலக்கத்திற்கு மேற்பட்ட வல்லுந்துகள் உருண்டோடின. இந்தியாவில் மகீந்திரா நிறுவனம் 1947இல் வில்லிசு வல்லுந்துகளைப் பூட்டத் தொடங்கியது. நம் மலைத்தோட்டங்களிலும் காட்டுச்சாவடிகளிலும் துருவேறி நிற்பவை பெரும்பாலும் அவ்வழி வந்தவையே.

என் பழைய மாணவன் ஒருவன். மந்தைவெளியில் பாட்டனார் கட்டிய வீடு. அதன் பின்புறம் ஓர் உந்து மட்டும் நிற்கக்கூடிய ஓட்டுக்கொட்டகை. 2015 திசம்பர் முதல்நாள் இரவும் மறுநாளும் அடையாறு கரையுடைத்துக் கோட்டூர்புரத்திலும் சைதையிலும் வீடுகளுக்குள் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். பல இலக்கம் கொடுத்து வாங்கிய மகிழுந்துகள் நீரில் மிதந்தன. உயரமான சரக்குந்துகளும் இழுவைகளும் படகுகளுமே போய்வந்தன. உறவினர் வீட்டுக்கு மருந்து கொண்டுபோக வழியின்றி அடையாற்றுப் பாலத்தின் முனையில் அரைநாள் நின்றவன் அவன். அடுத்த ஆண்டே, மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து விலைபோன ஒரு பழைய கன்னெய் வல்லுந்தை இழுவையில் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தினான். “ஐயா, இதற்கு உயிர் வருமா?” என்று கேட்டான். தாயார் கேட்ட கேள்வி வேறு. அதை இங்கே சொல்லுதல் முறையன்று.

முதலில் அவன் செய்தது நன்று. திருப்புளியை எடுக்கவில்லை, சுத்தியலை எடுத்தான். அடிச்சட்டத்தை முழ நீளத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போனான். நல்ல இரும்பு கணீரென்னும். துரு தின்ற இரும்பு சொத்தென்னும். பின்புற வில்பட்டைகள் மாட்டும் இடத்தில் இரண்டு இடங்கள் சொத்தென்றன. அங்கே வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. வண்ணம் பூசுவதில் தொடங்கி அடிச்சட்டத்தில் முடிக்கும் இளைஞர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய ஊர்திகள் இன்றும் கொட்டகையிலேயே பளபளக்கின்றன.

பிரித்த உறுப்புகளைத் தகரக்குவளைகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் தமிழில் சீட்டு எழுதி ஒட்டினான். இல்லாதவற்றுக்குப் புதுப்பேட்டை இருந்தது. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் அருகே கூவத்தையொட்டிய அப்பகுதியில், இற்றுப்போன உந்துகளை உறுப்புறுப்பாகப் பிரித்து விற்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கிடைக்காத புதுப்பொருளுக்கு செனரல் பேட்டர்சு சாலை. பழைய பல்லிணை ஒன்றை வாங்குமுன் அதன் பற்களை வெயிலில் திருப்பிப் பார்க்கவேண்டும்; பல்லின் முகத்தில் அம்மைத்தழும்பு போலக் குழிகள் இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பட்டறையில் தமிழ் இல்லை என்பவன் பட்டறைக்குப் போகாதவன். திருப்புளி, குறடு, அரம், உளி, சம்மட்டி, மரை, அச்சு, கடையாணி எல்லாம் அங்கே நாள்தோறும் புழங்குகின்றன. நாமக்கல்லில் சரக்குந்துக்கு மேலுடல் அமைப்பதைக் ‘கூண்டு கட்டுதல்’ என்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகக் குழு கூடி ஆக்கிய சொல் அது? படிக்காத தொழிலாளி ஆக்கிய சொல்!

இனி, வல்லுந்தின் வலிமை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பொறியில் என்று நினைப்பீர்கள். போர்க்கால வில்லிசின் பொறி 60 குதிரைத்திறனே. எடை ஏறத்தாழ 1,100 கிலோ. வலிமை பல்லிணையில் இருக்கிறது. முதற்பல்லிணை 2.665, பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை 1.97, அச்சின் பல்லிணை 4.88. மூன்றையும் பெருக்குங்கள், 25க்குச் சற்று மேல் வரும். பொறி 25 முறைக்கு மேல் சுழன்றால்தான் உருளி ஒருமுறை சுழலும். விரைவை விற்று விசையை வாங்குகிறோம்.

வண்டி ஓடத் தொடங்கியது. முதல் நாளே சிக்கலும் தொடங்கியது. நான்குருளி இயக்கத்தில் மாட்டி, கபாலீசுவரர் கோவிலின் மாடத்தெருக்கள் நான்கையும் சுற்றி வந்தான். இயக்கத்தை விடுவிக்க நெம்புகோலை இழுத்தால் அது வரவில்லை. இரு கைகளால் இழுத்தும் வரவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, பகிர்வுப் பெட்டியே உடைந்துவிட்டது, இறக்கிப் பிரிக்கவேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொல்லிப் போனார்.

இளைஞர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். திருப்பத்தில் முன்னுருளிகள் செல்லும் வளைவு பெரியது. பின்னுருளிகள் செல்லும் வளைவு சிறியது. ஆகவே முன்னவை மிகுதியாகச் சுழலவேண்டும். ஆனால் பழைய வல்லுந்தின் பகிர்வுப் பெட்டி முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே அளவு சுழலுமாறு இறுகப் பிணைக்கிறது. சேற்றில் இது சிக்கலன்று. உருளி சிறிது வழுக்கி வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலை வழுக்க விடுமா? விடாது. எனவே அவ்வேறுபாடு முழுவதும் சுழல்தண்டுகளில் முறுக்காக ஏறி, பற்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நெம்புகோல் வராததற்குக் கரணியம் உடைவன்று, முறுக்கு.

மருந்து? பத்தடி நேராகப் பின்னோக்கிச் செலுத்துவதுதான். செலுத்தினான். விரல் நுனியால் தொட்ட அளவில் நெம்புகோல் விடுபட்டது. காசு செலவில்லை.

ஆனால் அவன் அதோடு அமையவில்லை. நேர்ச்சாலையில் சிறுதொலைவு ஓட்டிப் பார்த்தான்; மீண்டும் இறுகியது. நேரே போகும்போது முறுக்கு ஏன் வரவேண்டும்? வினா சரியானது. ஒவ்வோர் உருளியிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தான். முன்னே புதுச்சக்கரவுறை, பின்னே தேய்ந்தது. ஒரு சுற்றுக்கு முன்னது ஏறத்தாழ 224 செ.மீ., பின்னது 219. ஐந்து செ.மீ.தானே என்பீர்கள். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் உருளி ஏறத்தாழ 446 முறை சுழல்கிறது. பெருக்கினால் 22 மீட்டர்! அவ்வேறுபாடே தண்டுகளில் முறுக்காக ஏறுகிறது. நான்கு உறைகளையும் ஒரே தேய்வுடையவையாக மாற்றிய பின் நேர்ச்சாலை இறுக்கம் நின்றது. தார்ச்சாலைத் திருப்பங்களில் நான்குருளி இயக்கம் வேண்டா என்பதையும் அவன் விளங்கிக்கொண்டான். பெட்டியை இறக்கிப் பிரித்திருந்தால் ஒரு திங்கள் உழைத்து, ஒரு குறையும் காணாமல், திரும்பப் பூட்டியிருப்பான். பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் முன்னுருளிகளின் ஆட்டம். கடற்கரைச் சாலையில் விரைவு 50ஐ நெருங்கியதும் கைவளையம் கையை உதறிற்று. ஆட்டத்தை அடக்கும் தணிப்பான் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னவர் பலர். அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போன்றது. முன்னச்சைத் தூக்கி நிறுத்தி, உருளியின் உச்சியையும் அடியையும் பற்றி அசைக்கவேண்டும். அசைவு தெரிந்தால், ஒருவர் தடுப்பை மிதித்திருக்க, மீண்டும் அசைக்கவேண்டும். அசைவு மறைந்தால் குற்றம் உருளிக்குடத்தின் தாங்கியில்; மறையாவிட்டால் திருப்பு முட்டியின் தாங்கியில். அவனுக்கு மறையவில்லை. முட்டியின் தகட்டுச்சில்லுகளைக் கழித்து இறுக்கியதும் ஆட்டம் அடங்கியது.

நீருக்கு வருகிறேன், வல்லுந்தைக் கட்டியதே இதற்காகத்தான். வெள்ளத்தில் ஊர்தியைக் கொல்வது மூன்று. முதலாவது, பொறி மூச்சோடு நீரை உறிஞ்சுதல். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. உருளையுள் நீர் புகுந்தபின் உந்துதண்டு மேலே வந்தால், இணைதண்டு வளையும் அல்லது முறியும். காற்றைக் கன்னெய்ப் பொறியினும் மிகுதியாக அமுக்கும் டீசல் பொறியில் இக்கேடு இன்னும் கொடிது. ஆகவே நீரில் நின்றுபோன ஊர்தியை ‘ஒருமுறை முடுக்கிப் பார்ப்போம்’ என்பதுதான் அதைக் கொல்லும் சொல். 2015இலும், 2023 திசம்பர் வெள்ளத்திலும் பொறிகள் பல இவ்வாறு கெட்டன. கன்னெய்ப் பொறியானால் தீப்பொறிச் செருகிகள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றவேண்டும். நீர் அத்துளைகளின் வழியே பீறிட்டு வெளியேறும். பிறகே முடுக்கம்.

இரண்டாவது, மின்சாரம் நனைதல். கன்னெய்ப் பொறிக்குத் தீப்பொறி இல்லையேல் உயிரில்லை. விசிறி சிதறும் நீரே மின்பகிர்வியை நனைக்கப் போதும். எனவே ஆழநீரில் இறங்குமுன் விசிறியின் வாரைக் கழற்றுவார்கள். கரையேறியதும் மறவாமல் மாட்டுவார்கள்.

மூன்றாவது பலர் அறியாதது. ஓடிவந்த அச்சு சூடாக இருக்கும். அது குளிர்நீரில் இறங்கியவுடன் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, எண்ணெய்த் தடுப்புகளின் வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். உயவெண்ணெய் பாலேடு போல் வெளுத்துவிடும். சில கிழமை கழித்துத் தாங்கிகள் கதறும்போதுதான் உரியவருக்குத் தெரியும். அவன் அச்சுகளின் மூச்சுத்துளைகளில் நெகிழிக்குழாய் மாட்டி இருக்கையளவு உயரத்துக்குக் கொண்டுபோனான். செலவு நூறு உரூபாவுக்குள். 2023 திசம்பரில் வேளச்சேரியின் விளிம்பில், முழங்கால் நீருள்ள தெருக்களுக்குப் பாலும் மருந்தும் ஏற்றி இரண்டு நாள் அவ்வண்டி போய்வந்தது. அதற்கு மேற்பட்ட ஆழத்தில் அவன் இறங்கவில்லை. அங்கே படகுகள் போயின. திரும்பியதும் அச்செண்ணெயை வடித்துப் பார்த்தான். தெளிவாக இருந்தது. நனைந்த தடுப்புகள் மட்டும் பிடிக்கவில்லை. மெல்ல மிதித்தபடியே ஒரு தெரு ஓட்டியதும் சூடேறி உலர்ந்தன.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பெரிய டீசல் பொறியை அதில் ஏற்றிவிடலாம் என்று நண்பர்கள் அவனைத் தூண்டினார்கள். 1988ஆம் ஆண்டின் உந்து ஊர்திச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆக்குநர் முதலில் குறித்த கூறுகளுக்கு மாறாகப் பதிவுச்சான்று வேறுபடுமாறு ஊர்தியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் அதை வலியுறுத்தியது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, மாற்றிய உரிமையாளர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 உரூபா தண்டமோ, இரண்டுமோ உண்டு. அதே ஆக்கத்தையும் வகையையும் சேர்ந்த பொறியை ஒப்புதல் பெற்று மாற்றத் தடையில்லை. அவன் பழைய பொறியையே கடைசல் பட்டறையில் துளைபெருக்கி உயிர்ப்பித்தான். சட்டம் சில இடங்களில் நல்ல முயற்சியையும் நெரிக்கிறது என்பது என் கருத்து. ஆயினும் தடுப்பு பிடிக்காத வண்டியில் இரட்டைத்திறன் பொறியை வைத்து இராயப்பேட்டை நெடுஞ்சாலையில் விடுபவனைக் கண்டபின், அச்சட்டத்தை எழுதியவர் மேல் எனக்குச் சினம் குறைந்துவிட்டது.

வண்டி இன்று வெளியே நிற்கிறது. கட்டியவனும் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். முடுக்கியதும் ஒரு நொடி திணறுவது ஏன் என்று இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. எரிவளிக் கலப்பியில் என்கிறான் அவன், கன்னெய் ஏற்றியில் என்கிறார் பட்டறைக்காரர். உங்களுள் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் முகப்பைத் திறந்து பாருங்கள்.