லாக்கருக்குள் என்ன இருக்கிறது?

தங்கக் காசோ கட்டியோ வாங்கி பேங்க் லாக்கரில் வைத்தாச்சு, இனி கவலையில்லை என்கிறோம். ஆனால் லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்பது பேங்குக்குத் தெரியாது. வீட்டை வாடகைக்கு விட்டவர் உங்கள் பீரோவைத் திறந்து பார்ப்பாரா? அப்படித்தான்.

திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்றால் பேங்க் பொறுப்பேற்கும். 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி அது. எவ்வளவு தருவார்கள்? வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உள்ளே எத்தனை பவுன் இருந்தாலும் அவ்வளவுதான். வெள்ளம், பூகம்பம் என்றால் பொதுவாக அதுவும் இல்லை.

அதனால் தனியாக இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தங்கம் வாங்கிய பில்லை வீட்டில் வையுங்கள். நம்மில் பலர் பில்லையும் மடித்து அதே சிவப்பு வெல்வெட் டப்பாவுக்குள் திணித்துவிடுகிறோம்! அப்படியே, லாக்கருக்கு நாமினி போட்டிருக்கிறதா என்றும் இன்றே கேட்டுவிடுங்கள்.