எந்தக் கதவைத் தட்டுவது?



திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். பக்கத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். அங்கிருந்து கிள்ளிப்பாலம் வரை சாலை பஜார் நீண்டு கிடக்கிறது. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அமைத்த கடைத்தெரு அது. அரிசி, பருப்பு, காய்கறி, பாத்திரம், துணி, பூ எல்லாம் அங்கே கிடைக்கும். தமிழ் பேசும் வியாபாரிகளும் சுமை தூக்குகிறவர்களும் அங்கே நிறையப் பேர்.

பெரிய கடைகள் மட்டும் அல்ல. நடைபாதையில் கூடை வைத்து விற்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒரு பூக்காரம்மாவை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவில் பக்கம் தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பிச்சிப்பூவையும் மல்லிகையையும் வாங்குகிறார். கட்டுகிறார். முழம் போட்டு விற்கிறார். பூ மாலைக்குள் விற்க வேண்டும். மறுநாள் அது வாடிவிடும்.

காலையில் பூ வாங்கப் பணம் வேண்டும். கையில் இல்லை. வட்டிக்காரரிடம் போகிறார். 1,000 ரூபாய் கடன் என்று பேச்சு. 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 ரூபாய் தருகிறார். மாலையில் 1,000 ரூபாய் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு வட்டி 100 ரூபாய். மாதத்தில் 25 நாள் வியாபாரம் என்றால் வட்டி மட்டும் 2,500 ரூபாய். கையில் வந்ததோ ஒவ்வொரு நாளும் அதே 900 ரூபாய்தான். நாள் முழுதும் வெயிலில் உட்கார்ந்தவர் பூக்காரம்மா. லாபத்தில் பெரும்பங்கு போவது வட்டிக்காரருக்கு.

இந்த நிலை மாற வழி உண்டா? உண்டு. மக்களுக்கு உதவ அரசு பல கதவுகளை வைத்திருக்கிறது. எந்தக் கதவு எங்கே இருக்கிறது, அதை எப்படித் தட்டுவது என்று பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதல் கதவு: அயல்கூட்டம்

கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அமைப்பு இருக்கிறது. குடும்பத்தின் வளம் என்பது அதன் பொருள். வறுமையை ஒழிக்க மாநில அரசு தொடங்கிய திட்டம் இது. நபார்டு வங்கியும் மத்திய அரசும் துணை நின்றன. 1998ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மலப்புறத்தில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் இதைத் தொடங்கி வைத்தார். இன்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் உறுப்பினர்கள்.

இது எப்படி நடக்கிறது? அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து 10 முதல் 20 பெண்கள் சேருகிறார்கள். வீட்டுக்கு ஒருவர். இதற்கு அயல்கூட்டம் என்று பெயர். வாரம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். தங்களால் முடிந்த தொகையைச் சேமிக்கிறார்கள். யாருக்கு அவசரமோ அவருக்கு அந்தப் பணத்திலிருந்து கடன் தருகிறார்கள்.

ஓர் அயல்கூட்டத்தில் 15 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாரத்துக்கு 20 ரூபாய் போடுகிறார். ஒரு வாரத்தில் 300 ரூபாய் சேரும். 52 வாரத்தில் 15,600 ரூபாய் ஆகும். பூக்காரம்மாவுக்கு வேண்டிய 900 ரூபாய் இதிலேயே கிடைத்துவிடும். அவர் கட்டும் சிறு வட்டியும் வெளியே போகாது. கூட்டத்தின் பணமாகவே சேரும்.

ஒரு வார்டில் உள்ள அயல்கூட்டங்கள் சேர்ந்தால் அது ஏ.டி.எஸ். ஊராட்சி அளவில், நகராட்சி அளவில் அவை சேர்ந்தால் அது சி.டி.எஸ். அயல்கூட்டத்தில் பேசியது வார்டுக்குப் போகும். வார்டில் பேசியது நகரசபைக்குப் போகும். தனியாக ஒரு பெண் போய்க் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். சி.டி.எஸ். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆலப்புழை நகரம்தான் முன்னோடி. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சோதனை நடந்தது. யார் ஏழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூலி வேலை செய்கிறவரிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. இன்று வேலை உண்டு, நாளை இல்லை. ஆகவே ஒன்பது கேள்விகள் வைத்தார்கள். நல்ல வீடு இல்லையா? கக்கூஸ் இல்லையா? அருகில் நல்ல குடிநீர் இல்லையா? இரண்டு வேளை சாப்பாடே கஷ்டமா? வீட்டில் எழுத்தறியாத பெரியவர் உண்டா? குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர் உண்டா? இப்படிப்பட்ட கேள்விகள். ஒன்பதில் நான்குக்கு ஆம் என்றால் அது உதவி தேவைப்படும் குடும்பம். இதைப் பார்க்க வெளியூர் அதிகாரி வேண்டியதில்லை. தெருவில் உள்ள பெண்களே பார்த்துச் சொல்லலாம். பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்ததா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாதா?

இரண்டாம் கதவு: மாநகராட்சி

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி மகாத்மா காந்தி சாலை வழியாகப் போனால் பாளையம் வரும். அங்கே மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது. வீட்டு வரி கட்டவும் பிறப்புச் சான்று வாங்கவும் மட்டும்தான் அந்த அலுவலகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 1996ஆம் ஆண்டு கேரளத்தில் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத்தின் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊராட்சிகளுக்கும் நகரசபைகளுக்கும் தரப்பட்டது. எதற்குச் செலவு செய்வது என்று மக்களும் கூடிப் பேச வழி பிறந்தது.

சாக்கடை வேண்டுமா, குழாய் வேண்டுமா, பெண்களுக்குத் தையல் பயிற்சி வேண்டுமா? கூட்டத்தில் கேட்டவர்களின் தேவை பட்டியலில் ஏறும். வீட்டிலேயே இருந்தவர்களின் தேவை யாருக்குத் தெரியும்?

நடைபாதை வியாபாரிகளுக்கும் இங்கே வேலை இருக்கிறது. 2014ஆம் ஆண்டு மத்திய அரசு தெரு வியாபாரிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். குழுவில் குறைந்தது 100க்கு 40 பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள். அந்தப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகளைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்று தர வேண்டும். கணக்கெடுத்துச் சான்று தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

பொருளைப் பறிமுதல் செய்தால் என்ன செய்வது? எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பூ, பழம், காய்கறி போல அழுகும் பொருளாக இருந்தால், போய்க் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். பட்டியலில் 10 முழம் என்று எழுதியிருக்கிறதா, 100 முழம் என்று எழுதியிருக்கிறதா? அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துப் படித்ததன் பயன் இங்கே தெரியும்.

மூன்றாம் கதவு: வங்கி

அடமானம் வைக்க நகை இல்லை, நிலம் இல்லை. வங்கி கடன் தருமா? 1992ஆம் ஆண்டு நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கியது. குழுவாகச் சேமித்து ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால் அடமானம் இல்லாமல் கடன் தரலாம் என்பதே அந்த முயற்சி. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டே தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் தொடங்கிவிட்டன. பிறகு அது மகளிர் திட்டமாக எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது.

தெரு வியாபாரிகளுக்கென்று தனிக் கடனும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 10,000 ரூபாய் வரை தந்தார்கள். அடமானம் வேண்டாம். ஒழுங்காக அடைத்தவர்களுக்கு அடுத்துப் பெரிய கடன். தவணை தவறாதவர்களுக்கு வட்டியில் 7 சதவீதம் மானியம். 2025ஆம் ஆண்டு முதல் கடனை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

மறுபடியும் கணக்குப் போடுங்கள். வங்கியில் 10,000 ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதற்கும் வட்டி 1,200 ரூபாயைத் தாண்டாது. மாதாமாதம் அடைத்தால் இன்னும் குறையும். வட்டிக்காரரிடம் 900 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் போனது 2,500 ரூபாய். எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடன் மட்டும் போதுமா?

போதாது. விற்க வழி பார்க்காமல் தொழில் தொடங்கினால் கடன் சுமையாகும். ஒரே தெருவில் பத்துக் குழுவும் ஊறுகாய் போட்டால் யார் வாங்குவது? மானியம் கிடைக்கிறதே என்று தொடங்கிய தொழில், மானியம் தீர்ந்ததும் நின்றுவிடும். கணக்கை ஒருவரே பூட்டி வைத்தால் குழுவில் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் குழு உடையும்.

ஊருக்கு எது தேவை என்று பார்த்துத் தொடங்கிய வேலைகள் நிலைத்தன. கேரளத்தில் வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பையைச் சேகரிக்கிறார்கள் ஹரித கர்ம சேனைப் பெண்கள். வீட்டுக்காரர்கள் அதற்குக் கட்டணம் தருகிறார்கள். குப்பை எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே வேலையும் உண்டு. 2017ஆம் ஆண்டு கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது நிலைய வேலைகளுக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் வந்தார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள் ஓட்டல்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். 2023ஆம் ஆண்டு அரசு மானியம் நின்றது. சாப்பாட்டு விலையை 30 ரூபாய் ஆக்க வேண்டியதாயிற்று. மானியத்தை நம்பியே விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

எழுத்தும் பிழைப்பும்

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று அங்கே அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி அல்ல. முதிய வயதில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. அதே காலத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எழுத்தும் கூட்டமும் சேர்ந்தபோது பிழைப்பு மாறியது.

அலுவலகத்துக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு.

மனுவைத் தனியாகக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். மனுவுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்கிய அதிகாரி என்ன பதவியில் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனு வாங்க யாராவது பணம் கேட்டால், ரசீது கேளுங்கள்.

கேரளத்தில் இருக்கும் தமிழர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ், கன்னடம் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. மலையாளம் எழுதத் தெரியவில்லை என்று மனுவையே எழுதாமல் விட வேண்டாம்.

பதில் வராவிட்டால்? 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு கொடுத்தால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. என் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டு உறுப்பினர் யார்? அருகில் உள்ள குழு எது? அது எந்தக் கிழமை கூடுகிறது? உங்கள் வங்கிக் கிளை எது? இந்த நான்கையும் ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். வரும் வாரம் குழு கூடும் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.