கிண்டியா, திருச்சியா: ஒரு வீட்டில் நடந்த பஞ்சாயத்து

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம ஊர்ல நல்ல மார்க் எடுத்த பசங்க வீட்ல ஒரு கேள்வி ஓடும். அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி காலேஜா, திருச்சி என்ஐடியா? ரெண்டு பக்கமும் படிச்சவங்க என் டீம்ல இருக்காங்க. மதியம் டீ குடிக்கும்போது இந்தச் சண்டை ஆரம்பிச்சா மீட்டிங்குக்கு லேட்டாகும். நான் ரெண்டுலயும் படிக்கல. அதனால நடுவர் வேலை எப்பவும் எனக்குத்தான்.

போன வருஷம் இந்தப் பஞ்சாயத்து எங்க வீட்டுக்கே வந்துச்சு. சித்தி பொண்ணு, திண்டுக்கல். சித்தப்பா மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கார். தங்கச்சிக்கு என்ஐடி திருச்சியில் ட்ரிபிள் ஈ கிடைச்சிருந்தது. கட்-ஆஃப் பார்த்தா கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. முடிவு எடுக்க கையில் ஒரு வாரம்தான்.

ஏன் ஒரு வாரம்? இது ரெண்டும் வேற வேற வாசல். கிண்டிக்கு டிஎன்இஏ கவுன்சிலிங். ப்ளஸ் டூ கணக்கு மார்க் 100-க்கு, ஃபிசிக்ஸ் 50-க்கு, கெமிஸ்ட்ரி 50-க்கு, மொத்தம் 200. என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் ரேங்க், ஜோசா கவுன்சிலிங். பெரும்பாலும் ஜோசா முன்னாடி ஓடும். அங்க கிடைச்ச சீட்டை வச்சுக்கிறதா விடுறதான்னு முடிவு பண்ணும்போது, கிண்டியில் என்ன கிடைக்கும்னு உறுதியா தெரியாது. கையில் இருக்கிற ஒண்ணை, வரலாம்னு நினைக்கிற ஒண்ணோட ஒப்பிடணும். அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது.

முதல்ல பேரு விஷயத்தை முடிச்சிடலாம். கிண்டி காலேஜோட வேர் 1794-ல் ஆரம்பிச்ச சர்வே ஸ்கூல். 1978-ல் அண்ணா யுனிவர்சிட்டி வந்தப்போ அதுக்குள்ள சேர்ந்தது. அமுல் வர்கீஸ் குரியன் அங்க மெக்கானிக்கல் படிச்சவர். திருச்சி 1964-ல் ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜா தொடங்கி, 2003-ல் என்ஐடி ஆச்சு. டாடா சன்ஸ் சேர்மன் சந்திரசேகரன் அங்க எம்சிஏ முடிச்சவர். ஆக, பேரை வச்சுச் சண்டை போட்டா விடியற வரைக்கும் போடலாம், யாரும் ஜெயிக்க மாட்டாங்க. வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க ரெண்டு பேரையும் மதிப்பாங்க.

அடுத்து பேக்கேஜ். வீட்ல எல்லாரும் வாட்ஸ்அப்ல வந்த "அதிகபட்ச சம்பளம்" படத்தைத்தான் காட்டினாங்க. நான் ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். பத்து பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. ஒருத்தருக்கு ஒரு கோடி, மீதி ஒன்பது பேருக்கு ஆளுக்கு 8 லட்சம். சராசரி 17 லட்சத்தைத் தாண்டும். ஆனா அந்தப் பத்துல ஒன்பது பேர் அந்தத் தொகையில பாதியைக்கூட பார்க்கல. அதனால மீடியன் என்ன, அதுவும் எந்தப் பிராஞ்சுக்குன்னு கேளுங்க. காலேஜ் மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்ற எண் உங்க முடிவுக்கு உதவாது.

இந்த இடத்துலதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. வீட்ல நடந்த சண்டை கிண்டி, திருச்சி சண்டையே இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸா, ட்ரிபிள் ஈயாங்கிறதுதான் சண்டை. அதுக்கு மேல காலேஜ் பேரை ஒட்டி வச்சிருந்தாங்க. தங்கச்சிகிட்ட தனியா கேட்டேன். "உனக்கு எது படிக்கணும்?"

"ட்ரிபிள் ஈதான் அண்ணா. கடையில அப்பா காயில் கட்டும்போது ஏன் இத்தனை சுத்துன்னு கேட்டா, பழசுல அத்தனை இருந்துச்சும்பார். எனக்கு அந்த ஏன் தெரியணும்."

சரி, அப்போ கேள்வி மாறுது. ட்ரிபிள் ஈ கிண்டியிலயும் இருக்கு. ஒரே பிராஞ்சை ரெண்டு இடத்திலயும் வச்சுப் பாருங்கன்னு சொன்னதும் பாதி கூச்சல் அடங்கிடுச்சு. இப்படி ஒரு குழப்பத்தில் இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான். முதல்ல பிராஞ்சைத் தனியா முடிவு பண்ணுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திப் பார்த்தா எதனால எது மாறுதுன்னே தெரியாது. பிழை தேடும்போது நாங்க ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தைத்தான் மாத்திப் பார்ப்போம், அதே மாதிரிதான்.

அப்புறம் காசு. என்ஐடியில் டியூஷன் ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 1,25,000. நாலு வருஷத்துக்கு 5 லட்சம், ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. கிண்டியில் இதுல ஒரு சின்னப் பங்குதான். இதைக் கேட்டதும் சித்தப்பா வாயே திறக்கல. நகைக்கடன் கணக்குப் போடுறார்னு எனக்குப் புரிஞ்சது.

ஆனா வீட்ல யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்துக்குக் கீழ இருந்தா என்ஐடியில் டியூஷன் ஃபீஸ் முழுசா தள்ளுபடி. 1 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. வருமானச் சான்றிதழ் வாங்கினா போதும். சித்தப்பா ரெண்டாவது பிரிவுல வர்றார். அப்போ 1,25,000 என்பது ஏறக்குறைய 42,000 ஆயிடுது. கிண்டி இன்னும் மலிவுதான், ஆனா நகையைத் தொட வேண்டாம். தயவுசெஞ்சு விளம்பரத்துல இருக்கிற ஃபீஸைப் பார்த்து ஒரு காலேஜைத் தள்ளிடாதீங்க. உங்க வீட்டுக்கு என்ன ஃபீஸ்னு பாருங்க.

மிச்சம் இருந்தது, நாலு வருஷம் யாரோட இருக்கப் போறோம்கிறது. கிண்டியில் தமிழ்நாட்டோட எல்லா மாவட்டத்துப் பசங்களும் இருப்பாங்க. வெளியே வந்தா சென்னை. மெட்ரோ ஏறினா மீட்டப், இன்டர்ன்ஷிப், ஸ்டார்ட்அப்னு சுத்தலாம். திருச்சி என்ஐடி இருக்கிறது துவாக்குடியில், தஞ்சாவூர் ரோட்டுல, 800 ஏக்கர். ஊருக்குப் போகவே பஸ் பிடிக்கணும். அதனால வாழ்க்கை கேம்பஸுக்குள்ளதான்: கிளப், ஃபெஸ்டெம்பர், ப்ரக்யான், ராத்திரி ரெண்டு மணி ஹாஸ்டல் அரட்டை. சீட்டுல பாதி தமிழ்நாட்டுக்கு, மீதி வெளி மாநிலங்களுக்கு.

என் ஓட்டு கிண்டிக்குத்தான். செலவு கம்மி, சென்னையில இருந்தா கதவுகள் பக்கத்துல இருக்கும். இதை அவகிட்டயும் சொன்னேன். அவ கேட்டுட்டு ஒண்ணு சொன்னா.

"அண்ணா, கிண்டியில எனக்குத் தமிழ்லயே நாலு வருஷம் ஓடிடும். நான் அப்படியே வெளியே வந்துடுவேன். இங்கிலீஷ்ல பேசணும்னா இப்பவே தொண்டை அடைக்குது. பக்கத்துக் கட்டில்ல தமிழ் தெரியாத ஒருத்தி இருந்தா பேசித்தானே ஆகணும்?"

எனக்குப் பதில் சொல்ல வரல. இது எந்த ரேங்கிங் பட்டியல்லயும் இல்லாத காரணம். கிண்டியில இருந்து அருமையா இங்கிலீஷ் பேசறவங்க எத்தனையோ பேர் வந்திருக்காங்க, அது வேற. ஆனா அவளுக்கு அவளைத் தெரியும். இன்னொருத்தருக்கு இதே காரணம் தலைகீழா வேலை செய்யலாம். தமிழ் மீடியத்துல இருந்து வர்ற ஒரு பையனுக்கு, முதல் வருஷம் பாடம் புரியணும்னா பக்கத்துல தமிழ்ல சொல்லிக் கொடுக்க ஒரு ஃப்ரெண்டு வேணும். அவனுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு கிண்டின்னு சொல்வேன்.

அவ திருச்சியில் சேர்ந்துட்டா. சித்தி, "கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுட்டாளே"ன்னு இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு நிம்மதி, சாயங்காலம் பஸ் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். முதல் செமஸ்டர்ல அவளுக்குக் கிடைச்ச ரூம்மேட் ஆந்திரா. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தயங்கித் தயங்கித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்கிறாங்களாம்.

இந்த வருஷம் உங்க வீட்ல இந்தப் பஞ்சாயத்து நடக்குதுன்னா, மூணு கேள்வியை இதே வரிசையில கேளுங்க. எந்தப் பிராஞ்ச்? நம்ம வீட்டுக்கு உண்மையான செலவு எவ்வளவு? இந்த நாலு வருஷத்துல எனக்கு எது மாறணும்? மூணாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது படிக்கப் போறவங்க மட்டும்தான். மாமா, பெரியப்பா, என்னை மாதிரி அண்ணன்கள் எல்லாரும் அந்த நேரத்துல டீ போடப் போயிடலாம்.